அக்காவின் காலண்டர் தாள்கள்: குழந்தை வளர்வதைப் பதிவு செய்வது எப்படி?

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததையும், நடுவில் நான் தண்ணி குடிச்சதையும் மட்டும் வெட்டியிருக்கேன்.)

இந்த வாரம் சென்னையில் இல்லை, சங்கரன்கோவிலில் எங்க வீட்டு மாடியில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி ‘தடக் தடக்’னு ஒரு சத்தம் கேட்டா மைக் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடுது. சாஃப்ட்வேர் வச்சு அதை எடுத்திருக்கலாம். வேணும்னுதான் எடுக்கலை. ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

இன்னைக்கு விஷயம் என் தப்பில் இருந்து ஆரம்பிக்குது.

தொட்டிக்குள் விழுந்த எட்டு மாசம்

என் அக்காவுக்கு ரெண்டே கால் வயசில் ஒரு பொண்ணு. வீட்டில் எல்லாருக்கும் ‘பாப்பா’. பிறந்த நாளில் இருந்து அக்கா போனும் கையுமாத்தான் இருப்பா. குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடிச்சு நின்னது, சோத்தைத் தலையில் அப்பிக்கிட்டது, எல்லாம் வீடியோ.

நடுவில் மூணு தடவை எனக்குப் போன் பண்ணியிருக்கா. “ஏல, ஸ்டோரேஜ் ஃபுல்னு வந்துக்கிட்டே இருக்கு. என்ன செய்ய?” மூணு தடவையும் நான் சொன்ன பதில் ஒண்ணுதான்: “அடுத்த தடவ ஊருக்கு வரும்போது பாக்கேங்க்கா.” ஆபீஸில் என் வேலையே பேக்கப் சம்பந்தப்பட்டது. ஒரு சர்வர் போனா இன்னொரு ஊரில் இருக்கிற சர்வர் எழுந்து நிக்கிற மாதிரி ஏற்பாடு செய்றவன் நான். சொந்த அக்கா போனுக்கு அரை மணி நேரம் ஒதுக்கலை.

பாப்பாவுக்கு ஒண்ணரை வயசு ஆகப்போற நேரத்தில் போன் துணி அலசுற தொட்டிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைச்சு, அரிசிக்குள் புதைச்சு, ரெண்டு கடை ஏறி இறங்கி, எதுவும் நடக்கலை. ஒன்பதாம் மாசத்தில் இருந்து பதினேழாம் மாசம் வரைக்கும் எடுத்தது மொத்தமும் போச்சு. அக்கா திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை. “சரி விடு, பிள்ள நல்லா இருக்கால்லா”ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

அடுத்த வாரமே லீவு போட்டு ஊருக்கு வந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அக்கா அனுப்பினதை எல்லாம் தேடி எடுத்தேன். 23 வீடியோ கிடைச்சது. வரிசையா உட்கார்ந்து பார்த்தப்போதான் ஒண்ணு உறைச்சது. இருபத்து மூணும் ஒரே வீடியோதான். ‘மாமாவுக்கு டாட்டா சொல்லு.’ ‘ஆனை எப்படி வரும்?’ ‘சாமி கும்பிடு பாப்போம்.’ பெரியவங்க ஒரு உத்தரவு, குழந்தை ஒரு செய்கை, உடனே கைதட்டல். ஆண்டு விழா மாதிரி இருந்தது. அந்த எட்டு மாசத்தில் பாப்பா எப்படி இருந்தாள்ங்கிறது அதில் இல்லை. அக்கா குரலும் பாதியில் இல்லை, பாட்டு சேர்த்து மறைச்சிருந்தா.

அப்போ அக்கா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து முன்னாடி வச்சா. உள்ளே தினசரி காலண்டரில் கிழிச்ச தாள்கள். ராத்திரி பாப்பா தூங்கின பிறகு, அன்னைக்குத் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் ஒண்ணு ரெண்டு வரி எழுதி டப்பாவில் போடுறது அவளுக்குப் பழக்கமாம். எங்க யாருக்கும் தெரியாது.

ஒரு தாளில்: “மம்மு என்றாள். தட்டைப் பார்த்து இல்லை. குக்கர் விசில் கேட்டு.”

இன்னொண்ணில்: “ஆச்சி செருப்பைத் தூக்கிட்டு வாசலுக்குப் போனாள். யாரும் சொல்லல. ஆச்சி கோயிலுக்குப் போற நேரம்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு.”

வாட்ஸ்அப்பில் அனுப்பின வீடியோவில் எடுத்த தேதி ஒட்டிக்கிட்டு வராது. பெரும்பாலும் அனுப்பின தேதிதான் இருக்கும், படத்தின் தரமும் குறைஞ்சிடும். காலண்டர் தாளிலோ தேதி, கிழமை எல்லாம் அச்சாகியே இருக்கு. 23 வீடியோவை விட அந்த டப்பாவில் பாப்பா அதிகமா இருந்தா. அது ஏன்னு யோசிச்சதுதான் இந்த எபிசோட்.

வீட்டுக்குள் நடந்த ஆராய்ச்சி

குழந்தை வளர்றதைக் கட்டம் கட்டமாப் பார்க்கிறது நமக்குப் புதுசு இல்லை. பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகையே இருக்கு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலின்னு பத்துப் பருவம். மூணாம் மாசத்தில் தொடங்கி ரெண்டு மாசத்துக்கு ஒரு பருவம்னு இருபத்தொண்ணாம் மாசம் வரைக்கும் கணக்கு சொல்வாங்க. பெண்பால் பிள்ளைத்தமிழில் கடைசி மூணு பருவம் மாறி, அம்மானை, நீராடல், ஊசல்னு வரும். நம்ம பக்கத்து ஊர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அந்த வகையில் ரொம்பப் பேர் பெற்றது. எந்தெந்த மாசத்தில் எதைக் கவனிக்கணும்னு பார்த்துப் பழகின கண்ணு அதில் தெரியுது. ஆனா அந்தப் பாட்டெல்லாம் தெய்வத்தையோ பெரியவங்களையோ குழந்தையாப் பாவிச்சுப் பாடினது. ஒரு குறிப்பிட்ட வீட்டில், ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை, ஒரு குறிப்பிட்ட குழந்தை என்ன செஞ்சதுங்கிற பதிவு வேற.

அந்த மாதிரிப் பதிவில் ரொம்பப் பிரபலமானது சார்லஸ் டார்வின் எழுதியது. பரிணாமக் கொள்கை டார்வினேதான். 1839 டிசம்பரில் முதல் பையன் பிறந்ததும் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சார். எப்போ தும்மினான், எப்போ கோபப்பட்டான், எதைப் பார்த்துப் பயந்தான்னு குறிச்சு வச்சார். 37 வருஷம் கழிச்சு, 1877இல், அந்தக் குறிப்புகளை வச்சு ‘மைண்ட்’ என்கிற இதழில் கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு விஷயம் படிச்சதும் சிரிப்பு வந்தது. சரியா ஒரு வயசில் பையன் சாப்பாட்டுக்குத் தானா ஒரு சொல் கண்டுபிடிச்சான்னு எழுதுறார். அந்தச் சொல் ‘மம்’. எதனால் அந்தச் சொல் வந்ததுன்னு தன்னால் கண்டுபிடிக்க முடியலைன்னும் ஒத்துக்கிறார். லண்டனில் ‘மம்’, சங்கரன்கோவிலில் ‘மம்மு’. உதட்டை மூடித் திறந்தாலே வந்துடற ஒலி அது. வித்தியாசம் என்னன்னா, எங்க அக்கா தாளில் ‘குக்கர் விசில் கேட்டு’ன்னு காரணமும் இருக்கு.

அடுத்து ஒரு அம்மா. பெயர் கிளாரா ஸ்டெர்ன். கணவர் வில்லியம் ஸ்டெர்ன் உளவியலாளர், ‘ஐக்யூ’ங்கிற கருத்தோடு சேர்த்துச் சொல்லப்படுற பெயர். 1900இல் மூத்த பொண்ணு பிறந்ததில் இருந்து 1918 வரைக்கும், மூணு குழந்தைங்களைப் பத்தியும் நாட்குறிப்பு எழுதினாங்க. அதில் பெரும் பங்கு கிளாரா எழுதினது. அந்த நோட்டுகளை வச்சு 1907இல் ரெண்டு பேரும் குழந்தை மொழி பத்தி ஒரு புத்தகம் போட்டாங்க. அதில் கிளாரா பெயர்தான் முதலில் வரும். பேராசிரியர் கணவருக்கு உதவி செய்த மனைவின்னு யாரும் ஒதுக்கிட முடியாது. முழு நேரமும் குழந்தையோடு இருந்து பார்த்தது அவங்கதானே.

கம்ப்யூட்டர் கட்டினவர், குழந்தைப் பேச்சைக் கேட்டார்

சரி, தமிழ்க் குழந்தையோட பேச்சை யாராவது இப்படிப் பதிவு செஞ்சிருக்காங்களான்னு தேடினேன். கிடைச்ச பெயரைப் பார்த்து ஆடிப் போயிட்டேன். ஆர். நரசிம்மன்.

கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு இந்தப் பெயர் தெரிஞ்சிருக்கணும். எனக்கு நாலு வருஷ இன்ஜினியரிங்கில் யாரும் சொல்லலை. சென்னையில் பிறந்தவர். 1954இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். இந்தியாவிலேயே வடிவமைச்சுக் கட்டின முதல் பொதுப்பயன் எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் ‘டிஃப்ராக்’, அவர் தலைமையிலான குழுவோட வேலை. 1960இல் இயங்க ஆரம்பிச்சது, 1962இல் நேரு அதுக்குப் பெயர் வச்சார். அதோட நினைவகம் 2048 சொற்கள், ஒரு சொல்லுக்கு 40 பிட். கணக்குப் போட்டா வெறும் 10 கேபி. பாப்பா எனக்கு அனுப்புற வாய்ஸ் நோட்டில் சில விநாடிதான் அதில் அடங்கும்.

அந்த மனுஷன் பிற்காலத்தில் யோசிச்ச பெரிய கேள்வி, மனுஷன் மொழியை எப்படிக் கத்துக்கிறான் என்பது. அதுக்காக அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தை வீட்டில் பெரியவங்களோடு பேசுறதைத் தொடர்ந்து பதிவு செய்து, எழுத்தாக்கி வச்சாங்க. ஒன்பதாம் மாசத்தில் இருந்து முப்பத்து மூணாம் மாசம் வரைக்கும். அது இன்னைக்கும் ‘சைல்ட்ஸ்’ என்கிற உலகப் பொதுக் காப்பகத்தில் இருக்கு. பிரையன் மேக்வின்னி, கேத்தரின் ஸ்னோ ரெண்டு பேரும் 1984இல் தொடங்கின காப்பகம் அது.

ஒன்பதாம் மாசம்னு படிச்சதும் நெஞ்சில் ஒரு குத்து. எங்க வீட்டில் தொலைஞ்ச பகுதி தொடங்குறதும் ஒன்பதாம் மாசம்தான்.

நட்சத்திர வரி, சதவீத வரி

அந்தக் காப்பகத்தில் பேச்சை எப்படி எழுதி வைக்கிறாங்கங்கிறதுதான் இன்னைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான பாடம். விதி எளிமையானது.

யாராவது பேசினா, வரி நட்சத்திரக் குறியோடு தொடங்கும். குழந்தைக்கு ஒரு மூணு எழுத்துக் குறியீடு, அம்மாவுக்கு ஒரு குறியீடு. பேச்சைச் சுத்தி என்ன நடந்ததுன்னு சொல்ல வேண்டியிருந்தா, அடுத்த வரி சதவீதக் குறியோடு தொடங்கும். வயசை வருஷம், மாசம், நாள்னு எழுதுவாங்க. 1;05.12 என்றால் ஒரு வயசு, அஞ்சு மாசம், பன்னிரண்டு நாள்.

நம்ம பாப்பாவை அதில் போட்டுப் பார்ப்போமா?

*அம்மா: குக்கரை இறக்கட்டுமா?
*பாப்பா: மம்மு.
%குறிப்பு: மூணாவது விசில் வந்த உடனே. தட்டு இன்னும் எடுத்து வைக்கலை.

இதில் சதவீத வரியை நீக்கிப் பாருங்க. ‘மம்மு’ங்கிறது எல்லாக் குழந்தையும் சொல்ற ஒரு சொல், அவ்வளவுதான். அந்த வரி இருந்தா, விசிலையும் சோத்தையும் மனசுக்குள் முடிச்சுப் போடத் தெரிஞ்ச ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருக்கான்னு தெரியுது. வீடியோ நட்சத்திர வரியை மட்டும்தான் பிடிக்கும். சதவீத வரியை எழுத, காலையில் இருந்து கூடவே இருந்த ஒருத்தர் வேணும். எங்க வீட்டில் அது அக்கா. அவ தாள்கள் முழுக்கச் சதவீத வரிகள்.

இன்னொண்ணும் கவனிங்க. அந்த முறையில் அம்மா பேசினதுக்கும் அதே நட்சத்திரம்தான். குழந்தை பேச்சு முக்கியம், அம்மா பேச்சு பின்னணிச் சத்தம்னு பிரிக்கிறது இல்லை. அக்கா பாட்டுப் போட்டு மறைச்சது தன்னோட நட்சத்திர வரிகளை.

‘நோ’வுக்குத் தமிழில் எத்தனை?

தமிழில் இப்படிப் பதிவு செய்றதுக்கு ஒரு தனி ருசி இருக்கு. இங்கிலீஷ் குழந்தை ‘நோ’ன்னு சொன்னா, இங்கே இல்லைங்கிறதா, எனக்கு வேண்டாங்கிறதா, செய்ய மாட்டேங்கிறதான்னு சொல்லை மட்டும் வச்சுத் தெரியாது. தமிழில் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. இல்ல, வேணாம், மாட்டேன், முடியாது, தெரியாது, கூடாது. குழந்தை இதை எல்லாம் எந்த வரிசையில், எந்த அர்த்தத்தில் பிடிக்குதுன்னு பார்த்தா, அது தலைக்குள் என்ன நடக்குதுன்னு கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். வைத்தியநாதன் இதையே ஆராய்ந்து 1991இல் குழந்தை மொழிக்கான ஒரு சர்வதேச ஆய்விதழில் கட்டுரை எழுதியிருக்கார். 1988இல் தமிழ்க் குழந்தைங்க கேள்வி கேட்கக் கத்துக்கிறதைப் பத்தி இன்னொண்ணு.

இதை அக்காகிட்ட சொன்னேன். டப்பாவைக் கவிழ்த்துத் தேடினோம். முதலில் ‘ஆணாம்’. இட்லியைத் தள்ளிவிட்டுச் சொன்னது. அடுத்து பல வாரம் எல்லாத்துக்கும் ‘ஆணாம்’தான், பந்து காணாமப் போனாலும் ‘ஆணாம்’. அப்புறம் ஒரு தாளில் ‘இல்ல’ வருது. அந்தத் தாளைக் கடைசிக்கு வச்சிருக்கேன்.

எல்லாத்தையும் பதிவு செஞ்சா?

“அப்போ வீடு முழுக்க கேமரா வச்சுட்டா போச்சுல்ல?”ன்னு கேட்பீங்க. அதையும் ஒருத்தர் செஞ்சு பார்த்திருக்கார். எம்ஐடி பேராசிரியர் டெப் ராய். 2005இல் பையன் பிறந்ததும், வீட்டுக் கூரையில் 11 கேமரா, 14 மைக் பொருத்தினார். பையனோட முதல் மூணு வருஷத்தில் சுமார் 90,000 மணி நேர வீடியோ, 1,40,000 மணி நேர ஒலி சேர்ந்தது. ‘காகா’ன்னு சொல்லிக்கிட்டிருந்த குழந்தை, மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா ‘வாட்டர்’க்கு வந்து சேர்றதை 2011இல் ஒரு டெட் உரையில் போட்டுக் காட்டினார்.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடிச்சது ரெண்டு. ஒண்ணு, சுவரில் பதிவை நிறுத்துற பொத்தான் இருந்தது. இப்போ நடந்ததை அழிச்சிடுங்கிறதுக்கும் ஒரு பொத்தான் இருந்தது. ரெண்டாவது, அவங்க கண்டுபிடிச்சது. குழந்தை ஒரு சொல்லைச் சொல்லப்போற சமயம் நெருங்க நெருங்க, சுத்தி இருக்கிற பெரியவங்க அந்தச் சொல் வர்ற வாக்கியங்களைத் தங்களை அறியாமலே சுருக்கிக்கிட்டே வர்றாங்க. குழந்தை சொல்லைப் பிடிச்ச பிறகு திரும்ப நீட்டுறாங்க. குனிஞ்சு கை கொடுத்துத் தூக்கிவிடுற மாதிரி. அப்போ அம்மா குரலை நீக்கிட்டா, பாதிக் கதை போச்சுன்னு அர்த்தம்.

ஆனா நம்மால் கேட்டு முடிக்க முடியாத அளவுக்குச் சேர்த்து வைக்கிறதும் தொட்டிக்குள் போடுறதும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. அவருக்கு ஆராய்ச்சிக் குழு இருந்தது. அக்காவுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பத்து நிமிஷம் இருக்கு.

இப்போ எங்க வீட்டில் என்ன செய்றோம்

ஒண்ணு, வீடியோவைக் குறைச்சோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம், ஒலி மட்டும். போனை அலமாரி மேல் வச்சிட்டு மறந்துடணும். ஸ்கிரீன் வழியாப் பார்க்காம, அக்கா பாப்பாவை நேராப் பார்க்கிறா. “எப்பப் பாத்தாலும் போனு”ங்கிற அத்தையோட புகாரும் நின்னது. இடமும் மிச்சம். நிறைய போன்களில் ஒரு நிமிஷ வீடியோ நூறு எம்பியைத் தாண்டும். ஒரு மணி நேரக் குரல் பதிவு முப்பது எம்பிக்குள் அடங்கும்.

ரெண்டு, ‘சொல்லு சொல்லு’ கிடையாது. குளிக்கிறது, சாப்பிடுறது, பூ கட்டும்போது நாரை இழுத்துக் கெடுக்கிறது, எது நடக்குதோ அது.

மூணு, அன்னைக்கே எழுதணும். யார் இருந்தாங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, குழந்தை சொன்னது அம்மாவுக்கு எப்படிப் புரிஞ்சது. மூணு வரி போதும். ஒரு வாரம் கழிச்சு எழுதினா நம்ம கற்பனை கலந்துடும்.

நாலு, மூணு இடத்தில் நகல். போனில் ஒண்ணு, கூகுள் டிரைவில் ஒண்ணு, என் ஹார்ட் டிஸ்க்கில் ஒண்ணு. ஹார்ட் டிஸ்க் இருக்கிறது சென்னையில். காலண்டர் தாள்களையும் ஒண்ணு விடாம ஸ்கேன் பண்ணியாச்சு. மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை நான்தான் சரி பார்க்கணும். இது எனக்கு அக்கா விதிச்ச தண்டனை.

அஞ்சு, பொதுவெளியில் போடுறது இல்லை. பாப்பாவுக்கு அது பத்திக் கருத்துச் சொல்ற வயசு இன்னும் வரலை. வந்ததும் டப்பாவை அவகிட்டயே கொடுத்துடலாம். எந்தத் தாளைக் கிழிக்கிறதுங்கிறது அவ இஷ்டம். அதுதான் அவளுக்கான அழிக்கும் பொத்தான்.

அந்தத் தாள்

சரி, கடைசிக்கு வச்சிருந்த தாள். அக்கா கையெழுத்தில் அப்படியே:

“மத்தியானம் கரண்ட் போச்சு. தறிச் சத்தம் நின்னுச்சு. விளையாடிட்டு இருந்தவ நிமிர்ந்து சுத்திப் பாத்தா. ‘தக்கு இல்ல’ன்னா. கரண்ட் வந்ததும் சிரிச்சா.”

பிறந்ததில் இருந்து அவ காதில் ஓடிக்கிட்டே இருந்த சத்தம் அது. அதை அவ கவனிச்சிருக்காள்னே, நின்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியுது. ‘வேணாம்’னு தள்ள அங்கே எதுவும் இல்லை. இருந்த ஒண்ணு இப்போ இல்லைன்னு, வாழ்க்கையில் முதல் தடவையா ஒரு ஆள் சொல்றா. அந்த நேரம் அக்கா கையில் போன் இல்லை, பருப்புச் சட்டி இருந்தது. இருந்திருந்தாலும் அந்த வீடியோவும் தொட்டிக்குள்தான் போயிருக்கும்.

அதனால்தான் இன்னைக்குத் தறிச் சத்தத்தை நீக்கலை. இந்த எபிசோடை அவ பெரியவளாகிக் கேட்டா, மாமா குரலுக்குப் பின்னாடி அதுவும் இருக்கட்டும்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு டப்பா, நோட்டு, டைரி, தடுப்பூசி அட்டையோட பின்பக்கம் ஏதாவது இருக்கும். அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. நீங்க முதலில் ‘இல்ல’ன்னு சொன்னது எதைப் பார்த்துன்னு தெரிஞ்சா, எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதுக்கு முன்னாடி உங்க அம்மா போனில் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’னு வருதான்னு இன்னைக்கே பாருங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.